அறுபதுக்குப் பின் அடிதடி: வாசகர் கேள்வி – பதில்

ஜாக்கி சான் நடித்து 2017-இல் வெளிவந்த 'தி ஃபாரினர்' படத்தைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மட்டும் இம்முறை இடம் ஒதுக்கியிருக்கிறேன். பதில்களில் கதையின் முடிவும் பேசப்படுவதால், படத்தை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கடந்து சென்று, பார்த்து முடித்த பிறகு திரும்பி வரலாம்.

கேள்வி: ஜாக்கி சான் படமாயிற்றே என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தோம். ஓரிடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. இது என்ன வகைப் படம்?
(கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை)

பதில்: சிரிப்பு வராதது படத்தின் குறையன்று, எடுத்தவர்கள் விரும்பியதே அதுதான். லண்டனில் உணவகம் நடத்தும் குவான் என்ற முதியவர், பள்ளி விழாவுக்கு உடை வாங்க விரும்பும் மகளைக் காரில் அழைத்துச் செல்கிறார். அவள் கடைக்குள் நுழைந்த சற்று நேரத்தில் பக்கத்தில் குண்டு வெடிக்கிறது. 'அத்தென்டிக் ஐ.ஆர்.ஏ.' என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஒரு குழு அதற்குப் பொறுப்பேற்கிறது (ஐ.ஆர்.ஏ. என்பது வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு இணைக்க ஆயுதமேந்திய இயக்கம்). வெடிவைத்தவர்களின் பெயர்கள் வேண்டும் என்று குவான் காவல்துறை அலுவலகத்தில் போய்க் காத்துக் கிடக்கிறார், சேமித்து வைத்த பணத்தையும் எடுத்து நீட்டுகிறார், பலிக்கவில்லை. பிறகு, ஒரு காலத்தில் ஐ.ஆர்.ஏ.வில் இருந்து இன்று வட அயர்லாந்தின் துணை முதல் அமைச்சராக இருக்கும் லியம் ஹென்னஸியைத் தொலைபேசியில் விடாமல் துரத்துகிறார். அங்கும் பதில் கிடைக்காதபோது பெல்ஃபாஸ்டுக்கே சென்று, அவருடைய அலுவலகக் கழிப்பறையில் சிறிய குண்டு ஒன்றை வெடிக்கச் செய்கிறார். படம் முழுவதும் அவர் கேட்பது பெயர்களை மட்டுமே.

ஸ்டீபன் லெதர் 1992-இல் எழுதிய நாவலிலிருந்து உருவான இக்கதையை இயக்கியவர் மார்ட்டின் கேம்பல். ஹென்னஸியாக வரும் பியர்ஸ் பிராஸ்னனை 1995-இல் முதன்முதலாக ஜேம்ஸ் பாண்டாக இயக்கியவரும் இவரே. அதனால் இது பழிவாங்கும் கதை பாதி, அரசியல் சூழ்ச்சிக் கதை பாதி என்று அமைந்துவிட்டது. சூழ்ச்சிப் பாதி தேவைக்கு மேல் நீண்டுபோய், நடுவில் ஒரு கட்டத்தில் குவானை நாமே மறந்துவிடுகிறோம் என்பது என் குறை.

கேள்வி: அறுபது வயதைத் தாண்டியவர் நான்கைந்து இளைஞர்களை அடித்து வீழ்த்துவதை எப்படி நம்புவது? எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.
(ஓய்வு பெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம்)

பதில்: குவானுக்கும் மூச்சு வாங்குகிறது ஐயா, கவனித்துப் பாருங்கள். 1954 ஏப்ரலில் ஹாங்காங்கில் பிறந்த சானுக்கு, படப்பிடிப்பு நடந்த 2016-இன் தொடக்கத்தில் வயது 61. சிறுவயதிலேயே பீகிங் ஆபரா பயிற்றுவிக்கும் பள்ளியில் விடப்பட்டு, குட்டிக்கரணமும் கம்புச் சண்டையும் பாட்டுமாகப் பத்தாண்டுகள் வளர்ந்தவர். புரூஸ் லீயின் படங்களில் பெயரில்லாத சண்டைக் கலைஞராக அடிவாங்கியவர். 1985-இல் வந்த ஒரு காவல்துறைப் படத்துக்காக, விளக்குச் சரங்கள் சுற்றிய உயரமான கம்பத்தில் வழுக்கி இறங்கி உள்ளங்கைகளைச் சுட்டுக்கொண்டார்; அதற்கடுத்த சில காலத்தில் யுகோஸ்லாவியாவில் ஒரு மரத்திலிருந்து விழுந்து மண்டையோடு உடைந்து, கேட்கும் திறனிலும் ஒரு பகுதியை இழந்தார். அடிபட்ட காட்சிகளைப் படத்தின் முடிவில் ஓடவிட்டு, வலியையும் வேடிக்கையாக்கிக் கொடுத்த நடிகர் அவர். நாற்பதாண்டுகளாக நாம் சிரித்துக்கொண்டே பார்த்த அந்த உடம்பின் கணக்கு இந்தப் படத்தில்தான் பார்க்கப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தோள்கள் சரிந்து, பார்வை தரையில் பதிந்து, காலைத் தேய்த்து நடக்கும் குவானின் நடையில் பழைய சானின் துள்ளல் துளியும் இல்லை. அவர் தங்கியிருக்கும் விடுதிக்கு ஆட்கள் தேடி வரும் காட்சியில், நின்று மோதாமல் குறுகிய இடத்தையும் கைக்குக் கிடைத்த பொருள்களையும் பயன்படுத்தித் தப்பிக்கவே முயல்கிறார். கூரையில் ஏறுகிறார், விழுகிறார், அடி வாங்கிய பிறகு சற்று நேரம் எழாமல் கிடக்கிறார். ஹென்னஸியின் பண்ணை வீட்டைச் சுற்றியுள்ள காட்டிலும் அவருக்குக் கைகொடுப்பது வலுவன்று, பொறி வைக்கத் தெரிந்த பழைய போர்ப் பயிற்சி. காயம்பட்டபோது காட்டிலேயே உட்கார்ந்து தன் காயத்துக்குத் தானே மருத்துவம் செய்துகொள்ளும் காட்சி, எந்தச் சண்டையையும்விட நீண்ட நேரம் மனத்தில் நிற்கிறது.

வயதான நடிகர்களின் சண்டையில் வேறு தந்திரமும் உண்டு. ஒரு வேலியைத் தாண்டும் சாதாரணச் செயலைக்கூடப் பல துண்டுகளாக வெட்டி ஒட்டி, முகம் தெரியும் இடத்தில் மட்டும் நடிகரையும் மற்ற இடங்களில் மாற்று ஆளையும் காட்டிவிடுவார்கள். ஹாங்காங் மரபு இதற்கு நேர்மாறானது: கேமரா பின்வாங்கி நிற்கும், அடிப்பவரும் அடிபடுபவரும் ஒரே சட்டகத்தில் முழு உருவமாகத் தெரிவார்கள். இந்தப் படம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆனாலும் குவான் ஒரு மேசையில் மோதிச் சரியும்போது அது யாருடைய முதுகு என்ற ஐயம் நமக்கு எழுவதில்லை.

கேள்வி: நம் ஊரிலும் மூத்த நடிகர்கள் பேரன் எடுத்த தாத்தாவாக வந்து மகனுக்காகப் பழிவாங்கத் தொடங்கிவிட்டார்கள். இதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?
(வாசகி, வில்லியனூர்)

பதில்: 2022-இல் 'விக்ரம்' படத்தில் கமல்ஹாசன் கொல்லப்பட்ட மகனுக்காகப் புறப்பட்டார், 2023-இல் 'ஜெயிலர்' படத்தில் ரஜினிகாந்த், மகன் இறந்துவிட்டதாக நம்பிப் புறப்பட்டார். கமல்ஹாசனும் சானும் 1954-இல் பிறந்தவர்கள்; 2008-இல் சென்னையில் நடந்த 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டு விழாவுக்குச் சான் நேரில் வந்திருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

காதலனாக நடிக்க முடியாத வயதில் ஒரு நட்சத்திரம் கையை ஓங்க வேண்டுமென்றால், அதற்கு உரிய காரணமாகப் பார்வையாளர் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்வது பிள்ளைப் பாசம் ஒன்றையே. வட அயர்லாந்தில் பிறந்த லியம் நீசன் 2008-இல் கடத்தப்பட்ட மகளைத் தேடும் தந்தையாக வந்து பெற்ற வெற்றிக்குப் பிறகு, உலகமெங்கும் தயாரிப்பாளர்கள் இந்தக் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். இதுவரை எல்லாருக்கும் பொது.

நம் படங்களில் முதுமை என்பது நாயகன் போர்த்திக்கொண்டிருக்கும் போர்வை. சாதுவான தாத்தாவாக உலவுபவர் எப்போது அதை உதறுவார் என்று நாம் இருக்கையின் நுனியில் காத்திருக்கிறோம். உதறியதும் பின்னணி இசை முழங்க, நமக்கு முன்பே தெரிந்த அந்தப் பழைய நாயகன் திரும்பி வந்துவிடுகிறார். அதை நான் குறைசொல்லவில்லை. திரையரங்கில் நானும் கைதட்டியவனே. குவான் விஷயத்தில் உதறுவதற்குப் போர்வையே இல்லை. அவர் யார் என்பது ஹென்னஸியின் அறையில் ஒரு கோப்பிலிருந்து படித்துச் சொல்லப்படும் செய்தியாக வருகிறது. கேட்பவர்கள்தாம் மிரளுகிறார்களே தவிர, அவர் அப்போதும் அதே தளர்ந்த நடையில்தான் இருக்கிறார். தேடிய பெயர்கள் கிடைத்த பிறகும் அவர் முகத்தில் வெற்றியின் சாயல் இல்லை. சோகத்தை அடிதடிக்கான அனுமதிச் சீட்டாக இடைவேளைக்குள் செலவழித்துவிடாமல், கடைசிவரை சுமந்துகொண்டே நடப்பதுதான் இந்த நடிப்பின் தனித்தன்மை.

கேள்வி: என் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக சைகோனில் இருந்தவர். குவானின் வியட்நாம் பின்னணி வெறும் கற்பனையா, அல்லது நடந்தவற்றை ஒட்டியதா?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: குவான் கற்பனைப் பாத்திரம், ஆனால் அவர் கடந்துவந்ததாகச் சொல்லப்படும் பாதை வரலாற்றில் உள்ளதே. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிறப்புப் படையினரிடம் பயிற்சி பெற்றவர், போர் முடிந்ததும் நாட்டைவிட்டுத் தப்பும்போது இரண்டு மகள்களைக் கடற்கொள்ளையரிடம் இழந்தவர், மூன்றாவது மகளைப் பெற்றெடுத்தபோது மனைவியையும் பறிகொடுத்தவர் என்று படம் சொல்கிறது. லண்டன் குண்டில் இறந்தவள் அந்த மூன்றாவது மகள். 1975-இல் சைகோன் வீழ்ந்த பிறகு லட்சக்கணக்கானோர் படகுகளில் வெளியேறினார்கள். கரைசேர்ந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர். தாய்லாந்து வளைகுடாவில் அந்தப் படகுகளைக் கொள்ளையர் தாக்கிக் கொன்றதும் பெண்களைக் கடத்தியதும் அக்காலத்தில் பதிவான கொடுமைகள்.

உங்கள் தாத்தாவின் கதை இதன் மறுபக்கம். பிரெஞ்சுக்காரர்கள் சைகோனில் ஆட்சி அமைத்த காலந்தொட்டுப் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அங்கே காவல்துறையிலும் வரி அலுவலகங்களிலும் படையிலும் பணிபுரிந்தார்கள். 1954 மே மாதம் வியட்நாமின் வடக்கே தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. நம் சொல்தாக்களுக்குத் திரும்பி வர ஊர் இருந்தது, ஓய்வூதியம் இருந்தது, கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் ஜூலை 14-இல் பதக்கங்களை அணிந்து நிற்க ஓர் இடமும் இருந்தது. குவானைப் போன்றவர்களுக்கு இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை. அவரைப் பயிற்றுவித்த நாடும் தேடவில்லை, குடியேறிய நாட்டின் காவல்துறையும் அவரை ஒரு தொந்தரவு செய்யும் கிழவராகவே பார்த்தது என்னும் இடத்தில், படம் அதிகம் பேசாமலே நிறையச் சொல்லிவிடுகிறது.

கேள்வி: கண்ணகியோடு குவானை ஒப்பிடலாமா?
(வாசகி, பண்ருட்டி)

பதில்: ஒப்பிட முடியாது என்று நினைக்கிறேன். கண்ணகி அவையில் வழக்குரைத்தாள், வென்றாள், அரசன் தன் பிழையை உணர்ந்து அங்கேயே உயிர்விட்டான்; குவானுக்கு வழக்குரைக்கும் வாயிலே திறக்கவில்லை.

கேள்வி: அந்த 'அத்தென்டிக் ஐ.ஆர்.ஏ.' உண்மையில் இருந்த அமைப்பா? குண்டு வைத்த இயக்கத்தவர் ஒருவர் துணை முதல் அமைச்சராவது நடக்கக்கூடியதா?
(வழக்கறிஞர், நெல்லிக்குப்பம்)

பதில்: அமைப்பின் பெயர் கற்பனை, பதவி உண்மை. 1960-களின் இறுதியிலிருந்து முப்பதாண்டுகள் நீடித்து, சுமார் 3,500 உயிர்களைக் கொண்டுபோன வட அயர்லாந்து மோதல், 1998 ஏப்ரல் 10-ஆம் நாள் கையெழுத்தான புனித வெள்ளி உடன்படிக்கையால் பெரும்பாலும் ஓய்ந்தது. அதன்படி அமைந்த ஆட்சியில் முதல் அமைச்சருக்கும் துணை முதல் அமைச்சருக்கும் அதிகாரம் சமம். ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியில் நீடிக்க முடியாது. டெரி நகரில் ஐ.ஆர்.ஏ.வின் இரண்டாம் நிலைத் தளபதியாக இருந்ததை விசாரணைக் குழுவின் முன் தாமே ஒப்புக்கொண்ட மார்ட்டின் மெக்கின்னஸ், 2007 முதல் 2017 வரை அந்தத் துணை முதல் அமைச்சர் பதவியில் இருந்தார். ஹென்னஸி அவரது உருவப்படம் அன்று. தோற்றத்தில், தாடியும் கண்ணாடியுமாக, மெக்கின்னஸின் கட்சியான சின் ஃபெயினுக்கு நெடுங்காலம் தலைவராக இருந்த ஜெரி ஆடம்ஸையே நினைவூட்டுகிறார் என்று பலரும் சொன்னார்கள்.

நாவல் வந்த 1992-இல் ஐ.ஆர்.ஏ.வின் குண்டுகள் லண்டனில் உண்மையாகவே வெடித்துக்கொண்டிருந்தன. படம் எடுக்கப்பட்டபோது அமைதி வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டதால், உடன்படிக்கையை ஏற்காத ஒரு பிளவுக் குழுவைக் கதாசிரியர்கள் உருவாக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பிளவுக் குழுவும் உண்மையில் இருந்ததுதான். உடன்படிக்கை கையெழுத்தாகி நான்கு மாதங்களில், 1998 ஆகஸ்ட் 15 அன்று, 'ரியல் ஐ.ஆர்.ஏ.' ஓமா என்ற சிறு நகரின் கடைத்தெருவில் வைத்த கார் குண்டில் 29 பேர் இறந்தார்கள். குண்டு வெடிக்கும் முன் தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. ஆனால் இடம் தவறாகச் சொல்லப்பட்டதால், காவலர்கள் மக்களை அப்புறப்படுத்துவதாக நினைத்து அந்தக் காரின் பக்கமே அனுப்பிவிட்டார்கள்.

படத்தில் ஹென்னஸியின் குற்றமும் இந்த இடத்தைத் தொட்டுச் செல்வதால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன். பழைய தோழர்களுக்குப் பொதுமன்னிப்புப் பெறவும் லண்டனிடம் பேரம் பேசவும், ஆள் சேதமில்லாமல் கட்டடங்களை மட்டும் தாக்கும் சில குண்டுகளுக்கு அவர் மறைமுகமாக இசைவு தந்திருக்கிறார். கையைவிட்டுப் போன அந்தக் கணக்கில்தான் குவானின் மகள் இறந்தாள். யாரும் சாகாத குண்டு என்று ஒன்று இருப்பதாக அரசியல்வாதி தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதை, நீளமாக இருந்தாலும், படத்தின் அந்தப் பாதி நன்றாகவே காட்டியிருக்கிறது.

வழக்கறிஞரான உங்களுக்கு இன்னொன்று. ஓமாவில் பிள்ளைகளை இழந்த குடும்பங்களும் குவானைப் போலவே பெயர்களைத்தான் கேட்டன. கொலைக் குற்றத்துக்காக எவருக்கும் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டனை கிடைக்காத நிலையில், அவர்கள் தாங்களே உரிமையியல் வழக்குத் தொடுத்து, 2009-இல் பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றத்தில் நான்கு பேரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாளிகள் என அறிவிக்கச் செய்தார்கள்; 16 லட்சம் பவுண்டு இழப்பீடும் தீர்ப்பானது. அந்தத் தாக்குதலைத் தடுத்திருக்க முடியுமா என்று ஆராயும் பொது விசாரணையை 2023-இல்தான் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. ஒரு முன்னாள் படைவீரர் சில நாள்களில் முடித்துவிடும் வேலைக்கு, உண்மையான பெற்றோருக்குப் பதினொரு ஆண்டுகள் ஆயின. அந்த வழக்கை யாராவது படமாக எடுத்தால் முதல் நாளே பார்ப்பேன்.

கேள்வி: கடைசியில் பிடிபட்ட, வெடிவைத்த குழுவைச் சேர்ந்த பெண்ணைக் காவல்துறையினர் துன்புறுத்துகிறார்கள், பிறகு சுட்டுவிடுகிறார்கள். அதைப் படம் சரி என்கிறதா?
(வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: சரி என்று சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. என் பார்வையில் படத்தின் மிகப் பலவீனமான இடம் அதுதான். குவான் ஹென்னஸியின் காவலர்களைக் காயப்படுத்துகிறாரே ஒழியக் கொல்வதில்லை. தம்மைக் காட்டில் வேட்டையாட வந்த ஹென்னஸியின் மருமகனையும் உயிரோடு விட்டுவிடுகிறார். சாவுக் கணக்கை வெடிவைத்தவர்களோடு நிறுத்திக்கொள்கிறார். தனிமனிதன் வைத்துக்கொண்ட அந்த எல்லையை, அவர் வெடிவைத்தவர்களின் இருப்பிடத்தைவிட்டு வெளியேறியதும் உள்ளே நுழையும் அரசின் ஆட்கள் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த குண்டு எங்கே என்ற விடை அவர்களுக்கு உடனே கிடைத்துவிடுகிறது, விமான நிலையத்தில் பேரழிவு தவிர்க்கப்படுகிறது. காட்சியின் வேகத்தில் அந்தப் பெண்ணின் முடிவு ஓர் அலுவலகக் குறிப்பைப் போலக் கடந்துபோகிறது.

வட அயர்லாந்தைப் பற்றிய படத்தில் இது வருவதுதான் எனக்கு உறுத்தல். 1971-இல் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டவர்களில் சிலரின் தலையை மூடி, சுவரோரம் மணிக்கணக்கில் நிற்கவைத்து, இரைச்சலைக் கேட்கவைத்து, உறக்கத்தையும் உணவையும் மறுத்தார்கள். அது மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்று 1978-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சித்திரவதை என்று சொல்லவில்லை. இன்றைய அளவுகோலில் அது சித்திரவதையாகவே கருதப்படும் என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் சொன்னபோது ஆண்டு 2021. அத்தகைய நடத்தை அந்த மண்ணில் வெறுப்பை எவ்வளவு வளர்த்தது என்பதை அறிந்த கதாசிரியர், அதே முறை அரை நிமிடத்தில் பயன் தருவதாகக் காட்டியிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: பாலத்தில் இரட்டை அடுக்குப் பேருந்து வெடிப்பது கணினி வேலையா? படம் நன்றாக ஓடியதா?
(வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: உண்மையான வெடிப்பு. 2016 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டனின் லாம்பெத் பாலத்தில் பேருந்தின் மேல்தளத்தை வெடிக்கவைத்துப் படமெடுத்தார்கள். செய்தி அறியாமல் அப்பக்கம் இருந்தவர்கள் பதறிப்போனது மறுநாள் செய்தித்தாள்களில் வந்தது. சுமார் 3.5 கோடி டாலரில் எடுத்த படம் ஏறத்தாழ 14.5 கோடி டாலர் வசூலித்தது. அதில் பாதிக்கு மேல் சீனாவில் வந்தது.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, ஜாக்கி சான் என்றால் உயிர். இதைக் காட்டலாமா?
(தாய், லாஸ்பேட்டை)

பதில்: இப்போது வேண்டாம். பிரிட்டனில் 15 வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்கக் கூடாது என்றே சான்றிதழ் தந்தார்கள். அமெரிக்காவிலும் பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர்களோடுதான் பார்க்கலாம். இரத்தத்தைவிட, முதல் பத்து நிமிடத்தில் அந்த மகள் இறக்கும் விதமே பிள்ளைகளைக் கலங்கவைக்கும். ஏணியையும் நாற்காலியையும் வைத்துக்கொண்டு அவர் சண்டையிட்ட பழைய படங்கள் வேண்டிய அளவு இருக்கின்றன, அவற்றைக் காட்டுங்கள். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து இதைப் பார்க்கும்போது நீங்களும் உடன் உட்காருங்கள். விசாரணைக் காட்சி வரும்போது அவன் கேள்வி கேட்பான்.